ஆறு இலை, எட்டு வடை

இணையத்தில் பணம் வைத்துச் சீட்டாடும் பழக்கம் பரவத் தொடங்கியிருந்த நேரம். 1999-இல் பிளானட் போக்கர் என்ற தளத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே டெக்சஸ் ஹோல்டெம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கட்டைக் கலைத்தது ஒரு நிரல். கலைக்கிறவரின் விரலைப் பார்க்க முடியாத ஆட்டத்தில் சந்தேகம் எழுவது இயற்கைதானே? அதைப் போக்க, மென்பொருளை எழுதிய ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தார் கலைக்கும் நிரலையே எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டார்கள். ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை எடுத்துப் படித்தார்கள். சில வரிகள்தான். அதற்குள்ளேயே பல ஓட்டைகள்.

பெரிய ஓட்டை விதையில் இருந்தது. கணினியின் தற்செயல் எண்கள் பெரும்பாலும் ஒரு தொடக்க எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு வருபவை. அந்தத் தொடக்க எண்ணுக்குப் பெயர் விதை. விதை ஒன்றானால் பின்னால் வரும் வரிசையும் ஒன்றே. 52 சீட்டுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்கிட்டால் 68 இலக்கம் கொண்ட எண் வரும். 32 பிட் விதையிலிருந்து பிறக்கக்கூடிய அடுக்குகளோ சுமார் 429 கோடி மட்டுமே. அந்த நிரல் விதையாக எடுத்துக்கொண்டது, நள்ளிரவு தாண்டி எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்ற எண்ணை. ஒரு நாளைக்கு அப்படி 8 கோடியே 64 லட்சம்தான் உண்டு. சேவையகத்தின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துவைத்துக்கொண்ட ஆய்வாளர்கள் அதையும் சுமார் 2 லட்சமாகக் குறைத்தார்கள். கையிலிருக்கும் இரண்டு சீட்டு, மேசையில் திறந்த மூன்று சீட்டு, ஆக ஐந்தும் பொருந்தும் அடுக்கு எது என்று தேடினால் போதும். எதிராளியின் சீட்டும் இனி திறக்கப்போகும் சீட்டும் திரைக்கு வந்துவிடும்.

விதைக் கதை பலரும் சொல்வது. எனக்குச் சுவையாகப் பட்டது அந்த நிரலின் இன்னொரு வரி. கட்டில் ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க எழுதிய வரி அது. டெல்ஃபி மொழியில் ரேண்டம் கட்டளைக்கு 51 என்று கொடுத்தால் 0 முதல் 50 வரை ஓர் எண் வரும். கொடுத்த எண் மட்டும் வராது. இவர்கள் 51-ஐக் கொடுத்து, வந்ததோடு ஒன்றைக் கூட்டியிருந்தார்கள். கிடைத்தது 1 முதல் 51 வரை. 52-ஆம் இடம் குலுக்கலில் விழவே விழாது. கடைசிச் சுற்றில் அந்த இடத்துச் சீட்டு வேறொன்றோடு இடம் மாறியே தீரும் என்பதால், 52-ஆவதாகத் தொடங்கிய சீட்டு ஒருநாளும் 52-ஆவதாக முடியாது.

ஓர் எல்லைக்குள் ஒரு தற்செயல் எண் என்பது, நிரல் எழுதக் கற்கிறவர் முதல் மாதமே செய்துபார்க்கும் காரியம். பகடை உருட்டுவது, ஒன்று முதல் நூறுக்குள் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, ஆறு இலக்க ஓ.டி.பி. எல்லாம் அதுதான். எண் எங்கிருந்து ஊறுகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஊறியதை எல்லைக்குள் அடக்கும் கணக்கு சரியா என்று கேட்கிறவர்கள் குறைவு. யூகிக்க முடியாதபடி இருப்பது ஒரு குணம். எல்லோருக்கும் ஒரே பங்கு கிடைப்பது வேறொரு குணம். முதலாவது எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது.

மேல் எல்லை சேருமா சேராதா என்பதிலேயே மொழிக்கு மொழி வழக்கம் மாறுகிறது. ஜாவாவில் 6 என்று கொடுத்தால் 0 முதல் 5. பி.எச்.பி.யில் 1, 6 என்று கொடுத்தால் இரண்டு முனையும் சேரும். பைத்தான் ஒரே கூரையின் கீழ் இரண்டையும் வைத்திருக்கிறது: ரேண்ட்இன்ட் 6-ஐச் சேர்த்துக்கொள்ளும், ரேண்ட்ரேஞ்ச் 5-ஓடு நிற்கும். சி++ இன்னும் வேடிக்கை. முழு எண்களுக்கான பங்கீட்டில் மேல் எல்லை உண்டு, பின்ன எண்களுக்கானதில் கிடையாது. மேல் எல்லையை விட்டுவிடும் வழக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்தால் எத்தனை எண்கள் என்று நேராக வந்துவிடும். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் இதற்காக வாதாடியிருக்கிறார். அவர் பக்கம்தான் நானும். ஆனாலும் பகடைக்கு ஆறு முகம் என்று தெரிந்த குழந்தையிடம் ‘ஒன்று முதல் ஏழு வரை’ என்று எழுதச் சொல்வது கொடுமைதான்.

எல்லையைச் சரியாகவே கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் உண்மையான சிக்கல். கணினிக்குள் ஊறுவது பிட்டுகள். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. மூன்று பிட்டுகளைச் சேர்த்தால் எட்டு எண்கள் கிடைக்கும். நமக்கு வேண்டியது ஆறு. பந்தியில் ஆறு இலை போட்டு, வாளியில் எட்டு வடையோடு பரிமாறப் போவதுபோல. வடையைப் பிய்க்கக்கூடாது என்றால் யாரோ இருவர் இலையில் இரண்டு விழும். எந்த வரிசையில் பரிமாறினாலும், எவ்வளவு சாமர்த்தியமாகச் சுற்றி வந்தாலும், எட்டை ஆறால் வகுத்தால் மீதி இரண்டு என்பது மாறப்போவதில்லை.

பலரும் பரிமாறும் முறை இது: வந்த எண்ணை ஆறால் வகு, மீதியை எடு, ஒன்றைக் கூட்டு. சி மொழிப் பாடங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வரி. சி மொழியின் தரநிர்ணயம், ரேண்ட் கட்டளை குறைந்தபட்சம் 32767 வரையாவது எண் தர வேண்டும் என்கிறது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ அந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொண்டது. பூஜ்யத்தையும் சேர்த்து 32768 எண்கள். ஆறால் வகுத்தால் 5461 முறை போக, மீதி 2. பகடையின் 1-க்கும் 2-க்கும் 5462 வாய்ப்பு, மற்ற நான்குக்கும் 5461. இந்த வித்தியாசத்தைப் பரமபதம் ஆடுகிறவர் ஆயுள் முழுக்க உருட்டினாலும் உணரமாட்டார். இதே வரியில் ஆறை எடுத்துவிட்டு 10000-ஐப் போட்டுப் பாருங்கள். 0 முதல் 2767 வரையுள்ள எண்களுக்கு நான்கு வாய்ப்பு, அதற்கு மேலுள்ளவற்றுக்கு மூன்று. பத்தாயிரம் பேர் கலந்துகொள்ளும் குலுக்கலை இப்படி நடத்தினால், முதலில் பெயர் கொடுத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அதிர்ஷ்டம்.

32 பிட் எண்களுக்கு மாறிவிட்டால் தீராதா? சிறிய எல்லைகளுக்குத் தீரும். எல்லை 300 கோடி என்றால், சுமார் 429 கோடியே 50 லட்சத்தில் ஒரு சுற்றுப் பரிமாறியதுபோக 129 கோடிக்கு மேல் மிஞ்சும். அத்தனை எண்களுக்கும் இரட்டைப் பங்கு. எல்லை பெரிதாகப் பெரிதாக, மிச்சம் விழும் இடமும் பெரிதாகும்.

மீதி எடுக்கும் முறைக்கு இன்னொரு பழைய வினை உண்டு. டி.எச். லேமர் 1949-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த ஒரு குடும்பம்தான் நெடுங்காலம் கணினிகளில் எண் தந்துகொண்டிருந்தது: இருக்கும் எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கு, இன்னொன்றைக் கூட்டு, ஒரு பெரிய எண்ணால் வகுத்து மீதியை அடுத்த எண்ணாக வை. காகிதத்திலேயே செய்துபார்க்கலாம். ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, 16-ஆல் வகுத்து மீதி எடுங்கள். 0-இல் தொடங்கினால் 3, 2, 13, 4, 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9 என்று பதினாறு எண்களும் ஒருமுறை வந்து மீண்டும் 0. பார்வைக்குக் கலைந்துதான் கிடக்கிறது. ஆனால் ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருவதைக் கவனித்தீர்களா? இதை இரண்டால் வகுத்து மீதி எடுத்து ‘நாணயம் சுண்டினேன்’ என்றால் தலையும் பூவும் ஒழுங்காக முறை வைத்து வரும். இரண்டின் அடுக்கால் வகுக்கும் இவ்வகை முறைகளில் கீழ்ப் பிட்டுகள் சோம்பேறிகள். உழைப்பெல்லாம் மேல் பிட்டுகளில்தான். சி மொழியின் தரநிர்ணயம் மாதிரியாகக் காட்டும் நிரல் 1103515245-ஆல் பெருக்கி 12345-ஐக் கூட்டுகிறது. வந்ததை அப்படியே தராமல் 65536-ஆல் வகுத்து, கீழேயுள்ள 16 பிட்டுகளைக் கழித்துவிட்டுத்தான் தருகிறது. காரணம் இதுவே.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு ரேண்ட் போன்ற முழு எண் கட்டளை கிடையாது. 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு பின்னம் கிடைக்கும். 1 மட்டும் வராது. அதை ஆறால் பெருக்கி, பின்னத்தைக் கீழே வெட்டிவிட்டு, ஒன்றைக் கூட்ட வேண்டும். வெட்டுவதற்குப் பதில் முழுமையாக்கினால்? ஐந்தால் பெருக்கி, பக்கத்து முழு எண்ணுக்கு நகர்த்தி, ஒன்றைக் கூட்டினாலும் 1 முதல் 6 வரைதான் வரும், பார்த்தால் சரியாகவே தெரியும். ஆனால் பூஜ்யத்துக்கு 0 முதல் 0.5 வரையுள்ள அரை இடமே சேருகிறது, ஒன்றுக்கு 0.5 முதல் 1.5 வரை முழு இடம். முடிவில் பகடையின் 1-க்கும் 6-க்கும் பத்து சதவீதம், நடுவிலுள்ள நான்குக்கும் இருபது. சோதித்துப் பார்க்கிறவர்கள் எல்லா முகமும் வருகிறதா என்று பார்ப்பார்களே தவிர, எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதில்லை. அதனால்தான் இந்தப் பிழை சாகாமல் இருக்கிறது.

சரியாக வெட்டினால் மட்டும் நியாயம் வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. அந்தப் பின்னமும் குறிப்பிட்ட பிட்டுகளால் ஆனதுதான். ஆறுக்குச் சமமாகப் பிரியாத எண்ணிக்கை, எந்த வேடத்தில் வந்தாலும் பிரியாது; மிச்சம் முதல் இரண்டு இலையில் விழாமல் பந்தி முழுக்கச் சிதறி விழும், அவ்வளவே. பைத்தானும் முன்பு இப்படித்தான் செய்துகொண்டிருந்தது. 2011-இல் வந்த 3.2 பதிப்பில் விட்டுவிட்டது.

அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்ட வழி, யோசித்தால் சிரிப்பு வருமளவுக்கு எளியது: மிஞ்சும் இரண்டு வடையைப் பரிமாறாதே. மூன்று பிட்டுகளை எடு. 0 முதல் 5 வரை வந்தால் வைத்துக்கொள். 6 அல்லது 7 வந்தால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எடு. எறிந்தது போக இருக்கும் ஆறும் முற்றிலும் சமம், துளி வித்தியாசம் கிடையாது. ஆறு இலக்க ஓ.டி.பி.க்கு 20 பிட்டுகள் வேண்டும். அவை தருவது 10,48,576 எண்கள். பத்து லட்சத்துக்கு மேலே உள்ள 48,576-ஐ எறிகிறோம், நூறில் ஐந்துகூட இல்லை.

இந்த வழியைக் கேட்டதும் பொறியாளர்கள் முகம் சுளிப்பார்கள். எப்போது முடியும் என்று உறுதி சொல்ல முடியாத சுழற்சி அது. பகடையில் நான்குக்கு ஒருமுறை எறிய வேண்டியிருக்கும். தொடர்ந்து பத்து முறையும் எறிய நேர்வது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. சராசரியாக ஒன்றே கால், ஒன்றரை முயற்சிக்குள் வேலை முடிந்துவிடும். வாய்ப்பு உண்டு என்பதற்காகக் கவலைப்படலாம். நடைமுறையில் நான் கவலைப்படமாட்டேன். எத்தனை எண்களை வைத்துக்கொள்வது என்ற கோட்டில் கவனம் தப்பினால்தான் ஆபத்து. ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை. பத்துக்குள் ஓர் இலக்கம் வேண்டுமென்றால் 250-க்குக் கீழே வருவதை மட்டும் ஏற்க வேண்டும். 250-ஐயும் சேர்த்து ஏற்றுக்கொண்டால் பூஜ்யத்துக்கு 26 வாய்ப்பு, மற்றவற்றுக்கு 25. பாகுபாட்டை ஒழிக்க எழுதிய வரிக்குள்ளேயே பாகுபாடு புகுந்துகொள்ளும்.

வேகம் வேண்டுகிறவர்களுக்கு மான்ட்ரியாலைச் சேர்ந்த டேனியல் லெமிர் 2019-இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் ஓர் அழகான வழி சொன்னார். செயலிக்குப் பெருக்கல் எளிது, வகுத்தல் கடினம். ஆகவே வகுக்காமலே பரிமாறுவோம். எட்டு எண்களையும் ஆறால் பெருக்குங்கள்: 0, 6, 12, 18, 24, 30, 36, 42. ஒவ்வொன்றிலும் எத்தனை எட்டு இருக்கிறது? 0, 0, 1, 2, 3, 3, 4, 5. எட்டால் வகுக்கிறோமே என்று கேட்க வேண்டாம். இரண்டின் அடுக்கால் வகுப்பது பிட்டுகளைத் தள்ளிவைப்பதுதான். பூஜ்யத்துக்கும் மூன்றுக்கும் இரண்டு பங்கு விழுந்திருக்கிறது. எதை எறிவது? எட்டைக் கழித்துக் கிடைக்கும் மிச்சங்களைப் பாருங்கள்: 0, 6, 4, 2, 0, 6, 4, 2. மிச்சம் 2-க்குக் குறைவாக உள்ள இரண்டையும் எறிந்தால் ஆறும் ஒவ்வொன்றாகச் சமம். அந்த 2 என்ற வரம்பைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் தேவைதான். ஆனால் மிச்சம் ஆறுக்குக் குறைவாக இருக்கும்போது மட்டுமே அந்தக் கணக்கில் இறங்கினால் போதும். 32 பிட் எண்களில் அப்படி நேர்வது மிக அரிது. ஸ்விஃப்ட், கோ மொழிகளும் பைத்தானின் நம்பை நூலகமும் இன்று இந்த வழியில் நடக்கின்றன.

ஓர் எண்ணில் வரும் சாய்வு, பல எண்களைச் சேர்த்து ஒரு காரியம் செய்யும்போது வேறு உருவில் தலைகாட்டும். அந்தப் போக்கர் நிரல் ஒவ்வொரு சீட்டையும் கட்டின் எந்த இடத்தோடும் மாற்றிக்கொண்டே போயிற்று. நியாயமாகத்தானே படுகிறது? மூன்று சீட்டில் பார்ப்போம். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வாய்ப்பு, மூன்று சுற்றுக்கு 27 பாதைகள். மூன்று சீட்டுக்கு அடுக்குகளோ ஆறு. 27 ஆறால் வகுபடாது. மூன்று அடுக்குகளுக்கு ஐந்து பாதை, மற்ற மூன்றுக்கு நான்கு. எல்லையை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று குறைத்து, இன்னும் முடிவாகாத இடங்களிலிருந்து மட்டும் தேர்ந்தெடுத்தால் மூன்று, இரண்டு, ஒன்று, ஆக ஆறு பாதைகள், ஆறு அடுக்குகள். புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் இந்த யோசனையை 1938-இல் காகிதத்துக்காகச் சொல்லிவைத்தார்கள். டர்ஸ்டன்ஃபெல்ட் 1964-இல் கணினிக்கேற்பச் சுருக்கினார்.

அதைப் படிக்காததற்கு விலை கொடுத்தவர்களில் மைக்ரோசாஃப்டும் உண்டு. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வற்புறுத்தலால் விண்டோஸ் பயனர்களுக்கு ஓர் உலாவித் தேர்வுத் திரையைக் காட்ட வேண்டியிருந்தது. முன்னணி உலாவிகள் ஐந்தும் யாருக்கும் சாதகமில்லாமல் கலைந்த வரிசையில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. எழுதியவர்கள் ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தும் கட்டளையை எடுத்து, ‘இந்த இரண்டில் எது முன்னே?’ என்று அது கேட்கும்போதெல்லாம் தற்செயலாக ஒரு பதிலைச் சொல்ல வைத்தார்கள். வரிசைப்படுத்தும் முறைகள் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படாது என்று நம்பி எழுதப்பட்டவை. ராப் வெயர் என்பவர் அந்தத் திரையைத் திரும்பத் திரும்ப ஓட்டி எண்ணிப் பார்த்தார். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குள் அதைத் திறந்தபோது, அதே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பாதிக்குப் பாதி கடைசி இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்க வேண்டும். சதி என்றால் யாராவது தங்கள் பொருளைக் கடைசியில் வைப்பார்களா?

குலுக்கலிலும் திரையிலும் நேர்வது அநியாயம். மறையாக்கத்தில் நேர்வது திருட்டு. மின்னணுக் கையொப்பமுறையான டி.எஸ்.ஏ.வில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு ரகசிய எண் வேண்டும், ஒரு பெரிய பகா எண்ணுக்குக் குறைவாக. அமெரிக்க அரசின் தரநிர்ணயம் அதற்கு 160 பிட் எண்ணை எடுத்து அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னது. கல்லூரி மாணவர் பகடைக்குச் செய்யும் அதே வேலை. சிறிய எண்களுக்கு இரட்டை வாய்ப்பு விழுவதையும், போதுமான கையொப்பங்கள் சேர்ந்தால் அந்தச் சாய்விலிருந்து ரகசியச் சாவியையே கறந்துவிடலாம் என்பதையும் பெல் ஆய்வகத்தின் டேனியல் பிளைக்கன்பாகர் 2001-இல் காட்டினார். அதே ஆண்டு தரநிர்ணயத்தைத் திருத்தினார்கள்: 320 பிட்டுகளை எடுத்து வகுக்க வேண்டும். சாய்வு அப்போதும் இருக்கும். எந்தக் கணினிக்கும் தென்படாத அளவுக்கு நுண்ணியதாகிவிடும்.

இந்தப் பாடம் பரவிய பிறகும் 2024-இல் புட்டி என்ற மென்பொருளில் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. தொலைவிலுள்ள சேவையகங்களுக்குள் நுழைய உலகம் முழுவதும் நிர்வாகிகள் பயன்படுத்தும் மென்பொருள் அது. விண்டோஸில் நம்பத்தகுந்த தற்செயல் ஊற்று இல்லாத நாட்களில் எழுதத் தொடங்கியதால், கையொப்பத்துக்கான ரகசிய எண்ணைத் தற்செயலுக்கு விடாமல் கணக்கிட்டே பெற்றுக்கொண்டது. 512 பிட் எண் ஒன்றை உண்டாக்கி, எல்லையால் வகுத்து மீதி எடுத்தது. 160 பிட் எல்லைக்கு அது தாராளம். பின்னாளில் சேர்த்த ஒரு சாவி வகைக்கு எல்லை 521 பிட். எண்ணைவிட எல்லை பெரிது என்பதால் வகுப்பதற்கே ஒன்றுமில்லை. மேலேயுள்ள ஒன்பது பிட்டுகளும் ஒவ்வொரு கையொப்பத்திலும் பூஜ்யமாகவே நின்றன. போகம் ரூர் பல்கலைக்கழகத்தின் ஃபாபியன் பாய்மரும் மார்கஸ் பிரிங்க்மனும் இதைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 60 கையொப்பங்கள் கையில் கிடைத்தால் சாவியைத் திரும்பக் கட்டிவிடலாம். 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகள் எல்லாவற்றிலும் இந்தக் குறை இருந்தது. ஏப்ரல் மாதம் வந்த 0.81 அதைச் சரிசெய்தது. ஆனால் ஏற்கெனவே போட்ட கையொப்பங்களைத் திரும்பப் பெற வழியில்லை; அவ்வகைச் சாவி வைத்திருந்தவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.